மாப்பிள்ளைப் படகை இழுக்கக் கூடாது

எனக்கு எஞ்சின் வேலை தெரியாது. இந்த ஒரு வரியைப் பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லியிருந்தால் என் கல்யாண வீடியோவும் மற்றவர்கள் வீடியோவைப் போல அடக்கமாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு இரண்டு பட்டுத் தறி, தலையில் கொஞ்சம் முடி (அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது). ஏழு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. ஏழு இடத்திலும் பஜ்ஜி மட்டும்தான் அமைந்தது. எட்டாவதாகத் தென்னேரி ஏரிக்கு அந்தக் கரை. பெண் பெயர் மல்லிகா. அவளுடைய அப்பா விவசாயி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நெசவு தவிர வேற இன்னா தெரியும் தம்பி?" என்றார்.

"எஞ்சின் வேலை தெரியுங்க மாமா."

(ஒரே ஒரு தடவை என் மொபெட்டின் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறேன். வண்டி கிளம்பவில்லைதான். ஆனால் கழற்றினேனா இல்லையா?)

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம், பெண் வீட்டு வாசலில் பந்தல், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் தாலி என்று பேசி முடித்தார்கள்.

அந்த வருஷம் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. ஏரி ரொம்பி வழிந்து, பெண் வீட்டுக்குப் போகிற ரோட்டையே முழுங்கிவிட்டது. வெள்ளத்தில் மாட்டினவர்களை மீட்க, கடலோரத்திலிருந்து மீனவர்கள் மூன்று படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மீட்பு வேலை முடிந்த பிறகும் ஊர் ஜனங்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கல்யாணக் கூட்டமும் அந்தப் படகுகளை நம்பித்தான் இருந்தது. முதல் நாளே பெண்ணின் அப்பா போனில் சொல்லிவிட்டார்: "இந்த முகூர்த்தம் தவறுச்சுன்னா மார்கழி வந்துடும். அப்பறம் தையில யோசிச்சுதான் சொல்லணும்."

யோசிக்க ஆரம்பித்தவர்கள் யாரும் எனக்குப் பெண் கொடுத்ததில்லை. ஏழு வீட்டு அனுபவம்.

காலையில் அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் எல்லாம் முதல் நடையில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசி நடையில் நான், மடியில் முகூர்த்தப் புடவைத் தட்டோடு என் அத்தை, தோளில் வீடியோ கேமராவோடு என் சிநேகிதன் பாஷா. படகுக்காரர் பெயர் கன்னியப்பன். புடவை நான் நெய்தது. அதே கரை, அதே ஜரிகையில் எனக்கும் ஓர் அங்கவஸ்திரம் நெய்து தோளில் போட்டிருந்தேன்.

படகின் பின்பக்கம் ஒரு டீசல் எஞ்சின். அதிலிருந்து தண்ணீருக்குள் நீளுகிற தண்டு, தண்டின் முனையில் விசிறி. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு காட்சி தோன்றியது: மாப்பிள்ளை தானே படகை ஓட்டி வந்து இறங்குகிறார், மாமனார் மூக்கின்மேல் விரல் வைக்கிறார்.

"அண்ணே, நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?"

"ஓட்டத் தெரியுமா?" என்றார் கன்னியப்பன்.

"எஞ்சின் வேலையே தெரியும்ணே."

"அப்ப துண்டை இடுப்புல கட்டிக்கினு வா."

"இது துண்டு இல்லண்ணே. அங்கவஸ்திரம்."

"அதையும் இடுப்புல கட்டலாம் மாப்ள."

கட்டவில்லை. இடுப்பில் கட்டினால் வீடியோவில் ஜரிகை எப்படித் தெரியும்?

பாதி ஏரி வரைக்கும் நான் ராஜா. "மச்சான், லேசா சிரி. ஒரு கையைத் தூக்கு" என்றான் பாஷா. தூக்கினேன். அடித்த காற்றில் அங்கவஸ்திரம் தோளைவிட்டுக் கிளம்பிப் பின்னால் தண்ணீரில் விழுந்தது. ஒரு முனையைப் பாய்ந்து பிடித்தேன். மறுமுனையை விசிறி பிடித்தது. நானும் எஞ்சினும் கொஞ்ச நேரம் கயிறு இழுத்தோம்.

"விட்றா! உன்னையும் சேத்து சுத்திக்கப் போவுது!" என்று அத்தை கத்தினாள். விட்டேன். எஞ்சின் ஐந்து முழத்தையும் விழுங்கி, ஒரு விக்கல் விக்கி, 'டொக்' என்று நின்றது.

கன்னியப்பன் தண்டைத் தூக்கிப் படகுக்குள் போட்டார். எனக்கு முன்னால் விசிறிக்குப் பரிவட்டம் கட்டியாகியிருந்தது. அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

இங்கேதான் நான் என் வாழ்க்கையின் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, அறுக்காதீங்க! நானே நெய்த பட்டுண்ணே!"

"ஒனக்குக் கண்ணாலம் ஆவணுமா, வேணாமா?"

நியாயமான கேள்வி. மணி ஒன்பது. அத்தையாவது எனக்குப் புத்தி சொல்வாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அத்தை நாற்பது வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்தவள்.

"கத்திய உள்ள வைப்பா!" என்றாள். "தறியில ஒரு இழை அறுந்தாலே வேலைய நிறுத்தி முடிபோட்டுட்டுதான் மேல நெய்வோம். கல்யாணத்தன்னிக்குப் பட்டை அறுக்கறதா?"

கன்னியப்பன் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு தன் துண்டை ஒரு துடுப்பில் கட்டித் தூக்கிப் பிடித்தார்.

தூரத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு படகுகளும் அப்படியே திரும்பின. ஒரு படகு நின்றுவிட்டால் இன்னொரு படகு அதைத் தாண்டிப் போகாதாம். கடலில் அப்படித்தான் பழக்கம், ஏரியானாலும் அப்படித்தான் என்றார் கன்னியப்பன். முதலில் வந்தது தேசிங்கு என்பவருடைய படகு. அதில் எங்கள் மேளக்காரர்கள். அடுத்து ஆறுமுகத்தின் படகு, அதில் எங்கள் பந்திக்கு வேண்டிய வாழையிலைக் கட்டு. ஆகமொத்தம் மாப்பிள்ளை, மேளம், இலை மூன்றும் நடு ஏரியில். கரையில் மிச்சம் இருந்தது பெண்ணும் பெண்ணின் அப்பாவின் கோபமும்தான்.

மூன்று படகையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். தேசிங்கு விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கத்தி இல்லியா கன்னியப்பா?"

"கத்தி இருக்குது. மாப்ள வுட மாட்றாரு. பட்டாம்."

தேசிங்கு சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். "நாம மட்டும் வலை சுத்திக்கினா ஒடனே அறுத்துடறமா? மணிக்கணக்கா குந்தினு அவுக்கறதில்ல? தள்ளு."

அவர் தண்டைப் பின்பக்கமாக விரல் விரலாகச் சுற்ற, ஆறுமுகம் மடிப்பைத் தளர்த்த, நான் இழை முறியாமல் இழுத்தேன். "மெதுவா... வுடு... இப்ப இழு." அவ்வளவு பெரிய கைகள் அவ்வளவு பதமாக நூலைத் தொட்டதை எங்கள் தெருவில்கூடப் பார்த்ததில்லை. நடுவில் அத்தையின் போன் மூன்று தடவை அடித்தது. பெண்ணின் அப்பாதான்.

"எங்கம்மா வந்துக்கினு இருக்கீங்க?"

"நடுவுலதாங்க!" என்றாள் அத்தை மூன்று தடவையும். அதில் பொய் எதுவும் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு அங்கவஸ்திரம் முழுசாக வெளியே வந்தது. ஓர் இழை அறுந்திருக்கவில்லை. நிறம்தான் தார் ரோட்டு நிறம். அதற்குள் கன்னியப்பன் எஞ்சின் பக்கம் குனிந்து ஓர் உடைந்த இரும்புத் துண்டைக் காட்டினார்.

"எஞ்சின் வேலை தெரியும்னியே, இது இன்னா?"

"போல்ட்டுண்ணே."

"எந்த போல்ட்டு?"

"ஒடஞ்ச போல்ட்டுண்ணே."

தண்டையும் எஞ்சினையும் சேர்க்கிற போல்ட்டாம். மாற்று போல்ட் கையில் இல்லை. "சரி, எங்க படகைக் கட்டி இழுத்துக்கினு போயிடுங்க" என்றேன்.

மூன்று பேரும் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவனைப் போலப் பார்த்தார்கள். "மாப்ள போற படகை இழுக்கக் கூடாதுபா" என்றார் ஆறுமுகம். "எங்க குப்பத்துல அப்படி ஒரு வழக்கமே இல்ல. மாப்ள சொந்த எஞ்சின்லதான் போய் எறங்கணும்."

தேசிங்கு அதற்குள் தன் எஞ்சினிலிருந்து அதே போல்ட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

"அப்ப உங்க படகு?"

"என்னிய ஆறுமுகம் இழுப்பான். எனக்கு ஏற்கெனவே கண்ணாலம் ஆயிடுச்சு."

ஆறுமுகம் பிடித்துக்கொள்ள, கன்னியப்பன் முடுக்கினார். போல்ட் சரியாக உள்ளே போய் உட்கார்ந்த நொடியில், அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த தவில்காரர் கை பரபரக்கக் கெட்டிமேளம் வாசித்துவிட்டார். (என் கல்யாணத்தின் முதல் கெட்டிமேளம் அந்த போல்ட்டுக்குத்தான்.)

முன்னால் என் படகு. பின்னால் வாழையிலைப் படகு. அதற்குப் பின்னால் கயிற்றில் ஆடி ஆடி, எஞ்சின் ஓடாத படகில் நாதஸ்வரம். தெப்பத் திருவிழா என்று நினைத்துக் கரையில் ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இறங்கும்போது மணி பத்து பத்து. பெண்ணின் அப்பா என் முழங்கை வரைக்கும் இருந்த கிரீஸைப் பார்த்தார். "எஞ்சினை நீதான் ரிப்பேர் பாத்தியா மாப்ள?"

'ஆமாம்' என்று சொல்ல அருமையான சந்தர்ப்பம். கை நிறைய சாட்சி. ஆனால் பின்னால் தேசிங்கு போல்ட் இல்லாத படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"இல்ல மாமா. எனக்கு எஞ்சின் வேலையே தெரியாது. அவங்கதான் பாத்தாங்க. நான் விசிறியில சுத்தின துணியைத்தான் முக்கா மணி நேரமா அவுத்தேன்."

"அறுக்கல?"

"இல்லிங்க."

"பத்தரைக்கு முகூர்த்தத்த வச்சிக்கினு, முக்கா மணி நேரம் குந்தி அவுத்தியா?" என்றார். எட்டாவது வீடும் போச்சு என்று நினைத்தேன். அவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "எம்பொண்ணு கோவத்துக்கு இவ்ளோ பொறுமை இருக்கற ஆளுதான் தாங்குவான். ஏறு மணையில!"

அங்கவஸ்திரம் தோளில் போடுகிற நிலையில் இல்லை. கன்னியப்பன் துடுப்பிலிருந்த தன் துண்டை அவிழ்த்துப் போட்டார். நீலக் கட்டம், நல்ல மீன் வாசனை. தாலி கட்டுகிற போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம்: பக்கத்தில் பத்து விரல் அகல ஜரிகையில் மல்லிகா, நான் கட்டம் போட்ட துண்டில். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடித்ததும் அவள் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, முதல் முதலாக என்னிடம் பேசினாள்.

"அறுத்துட்டு வந்திருக்கலாம் இல்ல?"

பந்தியில் முதல் வரிசையில் படகுக்காரர்கள். சாப்பிட்டதும் என் மாமனார் தன் பம்ப்செட்டிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி வந்து தேசிங்கு கையில் கொடுத்தார். "இந்த மழையில எனக்கு எதுக்கு பம்ப்செட்டு?" ஒவ்வொரு கார்த்திகைக்கும் தேசிங்கு போன் செய்கிறார். அந்த போல்ட் இன்னும் ஓடுகிறதாம்.

என் வீட்டில் மிக்ஸி நின்றால்கூட என்னைத் தொட விடுவதில்லை. போன வாரம் ஒரு பார்சல் வந்தது. மேலே சணல் கயிறு, ஏழெட்டு முடிச்சு. என் பெண் அதைத் தூக்கி வந்து, "அப்பா, அவுக்கறதா, அறுக்கறதா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது.

"அவரைக் கேட்டா பத்தரை ஆயிடும். நீ அறுத்துடு."