விசிறிக்குப் போர்வை

செம்பரை என்று ஒரு நாடு இருந்தது. ஆண்டில் பதினொரு மாதம் அங்கே வெயில் கொளுத்தும். மீதி ஒரு மாதம் புழுக்கம். ஆறு வாரக் கப்பல் பயணத்துக்கு அப்பால் ஊசிப்பனி என்று இன்னொரு நாடு. அங்கே துப்பிய எச்சில் தரையில் விழுமுன் உறைந்துவிடும். இரண்டுக்கும் பகையில்லை, உறவுமில்லை. ஒன்றை ஒன்று நினைக்காமல் நிம்மதியாக இருந்தன.

அந்த நிம்மதிதான் செம்பரை அரசருக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிகள் கைதூக்கித் தேர்ந்தெடுக்கும் அரசர் அவர். பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தூரத்து நட்பு ஒன்று வேண்டியிருந்தது. தூதர்கள் போனார்கள், வந்தார்கள். கடைசியில் ஒப்பந்தமாயிற்று. ஒவ்வொரு நாடும் தன் தலைசிறந்த பொருளை மற்றதற்கு அனுப்ப வேண்டும். செம்பரை பனையோலை விசிறி அனுப்பும். ஊசிப்பனி கம்பளிப் போர்வை அனுப்பும்.

துறைமுகத்தில் சோற்றுக்கடை வைத்திருந்த ஆவுடையை அரண்மனைக்கு அழைத்தார்கள். அவள் சிறுமியாக இருந்தபோது, கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஊசிப்பனி மாலுமிகள் மூன்று வருடம் அவள் அம்மாவிடம்தான் சாப்பிட்டார்கள். அவர்கள் பேச்சு அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல் அவள் அரசாங்க மொழிபெயர்ப்பாளர்.

முதல் ஆணையில் வீட்டு விசிறிகள் எல்லாம் கப்பலேறின. அவை போதவில்லை என்று இரண்டாம் ஆணையில் கூரை ஓலைகளையும் பிரித்து விசிறி முடைந்தார்கள். கம்பளிகள் வந்து இறங்கியதும் மூன்றாம் ஆணை வந்தது: வெள்ளிக்கிழமைதோறும் குடிகள் அவற்றைப் போர்த்திக்கொண்டு நடமாட வேண்டும். வேர்க்கிறது என்று சொல்வது நட்பு நாட்டை அவமதிப்பதாகும் என்பதால், வியர்வை இனி ‘நட்புநீர்’ என்றே அழைக்கப்படும் என்றது நான்காம் ஆணை.

ஆவுடையின் எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்தது. முந்தானையால் வீசி வீசி அவளுக்குத் தோள் கழன்றது. பக்கத்துத் தெருவில் அந்தக் கோடையில் மூன்று குழந்தைகள் செத்துப்போயின.

அப்படியிருக்கும்போதுதான் ஊசிப்பனியின் தூதர் வந்து இறங்கினார். ஒப்பந்தத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது இரு தரப்பின் ஆசை. தூதருக்குக் காது மந்தம்; காதருகே பேசினால்தான் கேட்கும். அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளர் ஓர்வால், ஒல்லியான கிழவர். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் இல்லை.

நட்புத்துறை அமைச்சர் தொண்டையைச் செருமினார். “எமது விசிறிகள் தங்கள் குடிகளைக் களிப்பில் ஆழ்த்தியுள்ளனவா என்று கேள்.”

ஆவுடை கேட்டதை ஓர்வால் தூதரின் காதில் சொன்னார். தூதர் ஏதோ முணுமுணுத்தார். ஓர்வால் அவள் முகத்தைப் பார்த்துத் தன் மொழியில் மெதுவாகச் சொன்னார்: “ஆனந்தக் கண்ணீரோட வீசுறாங்கன்னு சொல்லச் சொல்றாரு. வீசாட்டி சவுக்கடி, தாயி. எங்க கம்பளியெல்லாம் இங்க வந்துருச்சு. போன குளிர்ல என் வீட்டுக்காரி விறைச்சுப் போயிட்டா.”

ஆவுடை அதே மொழியில் மெல்லச் சொன்னாள்: “இங்க பிள்ளைங்க வெந்து சாவுதுங்கய்யா.”

“என்ன சொல்கிறார்?” என்றார் அமைச்சர்.

“நம்ம நாட்டைப் புகழ்ந்துகிட்டே இருக்காருங்க. சுருக்கமாச் சொல்ல முடியலை.”

அமைச்சர் பூரித்துப்போனார். தூதரும் அதேபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் இரு மொழியும் தெரிந்தவர்கள் இருவர்தான். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

“பெரியவரே, ஒண்ணு பண்ணுவோமா?” என்றாள் ஆவுடை. மாட்டிக்கொண்டால் தலை போகும்.

அவள் சொன்ன திட்டத்தைக் கிழவர் கேட்டுக்கொண்டார். “எனக்குப் போறதுக்கு இன்னும் என்ன இருக்கு? சொல்லிரு தாயி.”

ஆவுடை அமைச்சரிடம் திரும்பினாள். “ஐயா, ஒரு விண்ணப்பம் வைக்கிறாங்க. நட்பு முத்திப்போச்சாம். இனிமே நாம அவங்களுக்குக் குடுக்குற விசிறியை, அவங்க சார்பா நம்ம குடிங்களே பத்திரமா வச்சிருக்கணுமாம். அவங்க கம்பளியும் அவங்க ஊர்லயே நம்ம சார்பா இருக்குமாம். இதுவரைக்கும் போனதும் வந்ததும் அப்படியே திரும்பிரணுமாம். இவ்வளவு நம்பிக்கை வேற யார் மேலயும் அவங்களுக்கு இல்லையாம்.”

அதே விண்ணப்பத்தை, செம்பரை வைத்ததாக ஓர்வால் தன் தூதரின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அமைச்சர் சற்று யோசித்தார். “கப்பலில் ஏற்றாமலே எத்தனை விசிறி வேண்டுமானாலும் அனுப்பியதாக அறிவிக்கலாம் அல்லவா?”

“பத்து மடங்கு கூட அறிவிக்கலாமுங்க.”

முத்திரை விழுந்தது. இரு தரப்பும் கட்டித் தழுவிக்கொண்டன. ஓர்வால் கப்பலேறும்போது ஆவுடையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளுக்கு அழுகை வந்தது. நட்புநீர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

கைதூக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு விசிறிகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் அரசரின் சிரித்த முகம் வரைந்து, அரண்மனை வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். வரிசை துறைமுகம்வரை நீண்டது.

ஆவுடைக்கு முன்னால் நின்ற செல்லக்கிளி, அந்தக் கோடையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். விசிறியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “மவராசன்! எங்கேயோ கெடக்குற நாட்டுல பேசி நமக்கு விசிறி வாங்கித் தந்துருக்காரு பாத்தியாக்கா? ரெண்டு கையையும் தூக்கணும்.”

ஆவுடை வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தம் கலையும், விசிறி மறுபடி கப்பலேறும். மூடிக்கொண்டாள்.

மடியில் கிடத்தி வீசியதும் குழந்தை பல வாரங்களுக்குப் பிறகு சிணுங்காமல் தூங்கியது. கம்பளிகள் ஊசிப்பனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு நிறைவாக இருந்தது. அந்தக் கிழவர் இந்நேரம் ஒன்றைப் போர்த்தியிருப்பார். அதில் எந்த அரசரின் முகம் சிரிக்கிறதோ!