அக்காவின் இடமாற்றமும் என் டைப்ரைட்டரும்

எனக்கு டைப்ரைட்டரில் அடிக்கத் தெரியாது. ஆனால் டைப்ரைட்டர் என்றால் உயிர். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு, போனுக்குக்கூட டைப்ரைட்டர் சத்தம் வைத்திருந்த ஆள் நான். பிலிமத்தலாவையில் பழைய சாமான் கடையொன்றில் நிஜமான ஒன்றைக் கண்டதும் வாங்கிவிட்டேன். தினமும் துடைத்து, மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஒரு வரி அடித்ததில்லை. (கும்பிடவா வாங்கினாய் என்று அம்மா கேட்டார்.)

அப்போது அக்கா ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டு விடியுமுன் பஸ் ஏறினால், திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். கண்டிக்குள் இடமாற்றம் கேட்டுக் கடிதம் கொடுக்க அன்று கடைசி நாள். மின்வெட்டுக் காலம் வேறு. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, பிரிண்ட் கடைகள் இருட்டு. கடதாசித் தட்டுப்பாட்டில் வீட்டில் மிஞ்சியிருந்தது இரண்டே வெள்ளைத் தாள்.

கையால் எழுதிவிடுகிறேன் என்றாள் அக்கா. நான் விடவில்லை. நகலுக்காக இரண்டு தாளுக்கும் நடுவில் கார்பன் தாளைச் சொருகினேன். (மைப்பக்கம் மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா என்று யோசித்தது ஞாபகமிருக்கிறது. என்ன முடிவெடுத்தேன் என்பதுதான் ஞாபகமில்லை.) அடித்தேன். சத்தம் வந்தது, எழுத்து வரவில்லை. ரிப்பன் காய்ந்து எத்தனை வருஷமோ. ஓங்கி அடித்தேன். மேல்தாளும் வெள்ளை, கீழ்த்தாளும் வெள்ளை. அடித்ததெல்லாம் எங்கேதான் போகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.

பக்கத்தில் நின்று அக்கா திட்டத் திட்ட, எதுவும் பதியாது என்ற தைரியத்தில் ஆங்கிலத்தில் வாய்க்கு வந்ததை அடித்தேன்: ‘ஐயா, என் அக்காவைத் தயவுசெய்து இன்னும் தூரமாக அனுப்புங்கள். வீட்டில் நிம்மதியில்லை.’ அதுவும் தெரியவில்லை. அக்கா மேல்தாளை உருவி, அதிலேயே கையால் மளமளவென்று எழுதி, உறையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பத்து நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி, ஒரு வயதான மேடம், கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தலைகீழாக வைத்த கார்பன், நான் அடித்ததையெல்லாம் தாளின் முதுகில் பதித்து வைத்திருந்தது.

"டீச்சர், முன்பக்கத்துல கிட்ட போடச் சொல்றீங்க. பின்பக்கத்துல தூரப் போடச் சொல்றீங்க. நாங்க எந்தப் பக்கத்தப் பாக்கிறது?"

அக்கா தாளைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. உளறிக்கொட்டி உண்மையைச் சொன்னேன். கார்பன், ரிப்பன், மின்வெட்டு என்று நான் விளக்க விளக்க மேடத்தின் குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை. பார்க்கிறோம், போய்ட்டு வாங்க என்றார்.

இடமாற்றம் வந்தது, தெல்தோட்டைக்கு. ஏறக்குறைய அதே தூரம், திசை மட்டும் வேறு. இரண்டு பக்கத்துக்கும் மரியாதை கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

போன வருஷம் என் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துக்காக அவளிடம் படிவத்தை நீட்டினார்கள். அதைப் புரட்டி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள். பதிவாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண் வீட்டாருக்கு அம்மா முழுக் கதையையும் சொன்னார். இப்போது நான் கடைச்சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தாலும் என் மாமனார் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.