மேற்கு மூலையில் குலசாமி

மனிதனுக்குப் புத்தி இரண்டு நேரத்தில் கெடும். யோசனை சொல்ல யாருமே இல்லாதபோது. எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லும்போது. எனக்குக் கெட்டது இரண்டாவது வகையில்.

ராசிங்காபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. நடுவில் ஓர் ஊஞ்சமரம், மரத்தடியில் எங்கள் குலசாமி. சிலையெல்லாம் கிடையாது. முழங்கால் உயரக் கல், அவ்வளவுதான். மாசிச் சிவராத்திரிக்குப் போய் எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசிக் கும்பிடுவோம். கொரோனாக் காலத்தில் போகாமல் விட்டதில் உன்னிச்செடியும் சீமைக்கருவேலும் ஆளுயரத்துக்கு ஏறிவிட்டன.

கொரோனா ஓய்ந்த வருஷம்தான் என் மகளுக்கு முதல் மொட்டை. குலசாமி முன்னால், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் போட வேண்டும். தாய்மாமனான என் மச்சான் அதற்கென்றே துபாயிலிருந்து லீவு வாங்கி வந்திருந்தான். தேதியை மாற்ற முடியாது. இடத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நானே வலியக் கேட்டு வாங்கினேன். (போடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு நிர்வாகத் திறமை தானாக வந்துவிடும் என்ற நினைப்பு.)

அரிவாளோடு ஆள் விடு என்றார் பெரியப்பா. ஆளுக்கு எங்கே போக? வெள்ளென ஜீப்பில் ஏறி எல்லாரும் ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆடு விடலாம் என்றான் மச்சான். வந்த ஆடு உன்னியை மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. தீ வைக்கச் சொன்னார் சித்தப்பா. மேலே காடு, அடிப்பது மாசிக் காற்று. மொட்டையை எனக்கு ஜெயிலில் போட்டிருப்பார்கள். மருந்தடிக்கலாமா என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"புள்ளைய உக்கார வைக்கிற மண்ணுல வெசத்தத் தெளிப்பீகளோ?" என்றாள் என் மனைவி செல்வி.

கடையில் உட்கார்ந்து வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, கடைசியில் நானே முடிவெடுத்தேன். ஜேசிபி!

சிவராத்திரிக்கு முதல் நாள் வண்டி வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு டிரைவரிடம் சொன்னேன்: "தம்பி, வெட்டவெளியா ஆக்கிரணும். ஒரு செடி, ஒரு கல்லு மிச்சம் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் மேக்கு மூலைக்குத் தள்ளிரு." சொல்லிவிட்டு, கிடா பார்க்கச் சிலமலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் செல்வியோடு திரும்பி வந்தால், மகளுக்கு முன்னால் நிலத்துக்கு மொட்டை விழுந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. செல்வி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க... சாமி எங்க?"

மரமே இல்லை. மேற்கு மூலையில் வேரும் முள்ளும் கல்லுமாக ஒரு குன்று நின்றது. அதில் முழங்கால் உயரக் கல் மட்டும் முப்பதுக்குக் குறையாது.

"நீங்கதானண்ணே ஒரு கல்லும் இருக்கக் கூடாதுன்னீக?" என்றான் டிரைவர். பாவம், சொன்னதைச் செய்தவனை என்ன சொல்ல?

பொழுதடையும்வரை ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தேன். எதிலும் எண்ணெய்க் கறை இல்லை. பல மழை பார்த்த கல். பெற்ற பிள்ளையின் முதல் முடிக்குச் சாமியே இல்லாமல் பண்ணிவிட்டோமே என்று கல்குவியல்மேல் உட்கார்ந்து அழுதேன். (பிறகுதான் உறைத்தது, உட்கார்ந்தது எதன்மேல் என்று. துள்ளி எழுந்தேன்.)

மறுநாள் பெரியப்பா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அடப்பாவி, பாட்டன் பூட்டன் கும்பிட்ட சாமியடா!"

பங்காளிகள் ஆளாளுக்குக் கத்த, செல்வி ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்தாள். "எதுன்னு தெரியலைல்ல? எல்லாத்துக்கும் பூசுங்க. அதுல ஒண்ணு சாமிதான? வெரசா ஆகட்டும், புள்ளைக்குப் பசிக்குது."

குன்று முழுக்க மஞ்சள் பூசினோம். மகள் மாமன் மடியில் ஊரே கேட்க அழுது, மொட்டையாகிச் சிரித்தாள். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

உறுமி அடித்ததும் பெரியப்பாவுக்கு அருள் வந்தது. எங்கள் சாமியாடி அவர்தான். சாமியே கல்லைக் காட்டிவிடும் என்று எல்லாரும் வாயைப் பொத்தி நின்றோம். நேராக என்னிடம் வந்தார்.

"எனக்குக் கூட்டம் ஆகாதுடா! இத்தனை பேரு மத்தியில என்னைய எதுக்குடா ஒக்கார வச்ச?"

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "தப்புத்தான் சாமி. இதுல நீ எதுன்னு மட்டும் காட்டிரு."

சாமி என்னை மேலும் கீழும் பார்த்தது. "தள்ளுனவன் நீ. தேடுறது உன் சோலி!" என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டது.

இன்றுவரை கிடைக்கவில்லை. எது சாமி என்று தெரியாததால் எந்தக் கல்லையும் நகர்த்தவும் முடியாது. மாசிக்கு மாசி அத்தனை கல்லுக்கும் எண்ணெய் தேய்ப்பது என் வேலை. இடுக்குகளில் உன்னி மறுபடி முளைத்துவிட்டது; அங்கே இரும்பு படக்கூடாது என்பது பெரியப்பா உத்தரவு. கையால்தான் பிடுங்குகிறேன். புதர் அழிக்க எது நல்ல வழி என்று யாராவது கேட்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறேன்.

வீட்டில் எது காணாமல் போனாலும் எனக்கு ஒரே பதில்தான். போன வாரம் ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் கிளம்பிய மகள், ரெட்டைச் சடையை ஆட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"மேக்கு மூலைல பாருங்கப்பா."

கோபமாகத்தான் போய்ப் பார்த்தேன். செருப்பு அங்கேதான் கிடந்தது.