குருசுமுத்துவின் மணிக்கூடு

“நானொண்டும் செய்யேல்லைத் தம்பி,” என்றார் குருசுமுத்து.

கிளாக்கர் ஜெயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரைக் காப்பாற்றிய மனிசன் வேறு என்னத்தைச் சொல்லுவார்? ‘ஓம், நான்தான் காப்பாற்றினனான், விழுந்து கும்பிடும்’ என்று கதிரையில் சாய்ந்துகொண்டா சொல்லுவார்? செய்தவர்கள்தான் செய்யவில்லை என்பார்கள். இதுகூட விளங்காவிட்டால் மடத்துவெளியில் பிறந்து என்ன பிரயோசனம்?

ஜெயரூபனிடம் அப்படியொரு கெட்டித்தனம் இருந்தது. ஆட்கள் சொல்லுவதை அவர் கேட்கமாட்டார், சொல்லாததைக் கேட்பார். போன வீட்டில் “இருங்கோவன், என்ன அவசரம்?” என்றால் எழும்பிவிடுவார். “சாப்பிட்டிட்டுப் போகலாமே” என்றால் அடுப்பு இன்னும் மூட்டவில்லை என்று கண்டுபிடிப்பார். நெடுந்தீவில் அவர் வேலை பார்க்கும் கந்தோரில் பெரியவர் “இண்டைக்குச் சரியான வெக்கை” என்று வாயெடுக்கமுன் ஜெயரூபன் யன்னலடியில் நிற்பார். இந்தக் கெட்டித்தனத்தில் அவருக்கு நல்ல பெருமை.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு நாள் அவருக்கு வயிற்றுக்குத்து. குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை. வெட்டுவதென்றால் யாழ்ப்பாணம் போகவேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கடும் காற்று, படகுச் சேவை இல்லை. ஏதாவது வள்ளம் கிடைக்காதா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனவர் மணலில் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததில் கொஞ்சம்தான் ஞாபகம். வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் ‘அலைமேல் அன்னை’ என்று எழுதியிருந்தது. தலை வரை மூடிய கறுப்பு மழைக்கோட்டு ஒன்று இயந்திரத்தடியில் குந்தியிருந்தது. கண்ணை மூடும்போதெல்லாம் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. ஒவ்வொரு அறையோடும் குளிர்ந்த, கெட்டியான ஏதோவொன்று எலும்பில் பட்டது. காற்றிலும் இயந்திரச் சத்தத்திலும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. திரும்பக் கண் விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார் டொக்டர்.

சுகமாகித் தீவுக்குத் திரும்பியதும் ‘அலைமேல் அன்னை’ யாருடையது என்று விசாரித்தார். குருசுமுத்துவின் வள்ளம் என்றார்கள். ஒரு பை அப்பிளோடு நேரே வந்து நிற்கிறார்.

குருசுமுத்துவின் மனைவி செபஸ்தியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நல்ல பால்தேத்தண்ணி. “இப்ப வயித்து நோ இல்லையோ?” என்று கேட்டு அவருடைய கன்னத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

“அண்ணை இருக்கேக்கை எனக்கென்ன நோ, அக்கா,” என்றார் ஜெயரூபன்.

செபஸ்தியம்மா குசினிக்குள் போனாள். உள்ளே ஒரு சட்டி சத்தமாக வைக்கப்பட்டது. குருசுமுத்து குசினிப் பக்கம் பார்த்தார், பிறகு குரலைத் தணித்தார். “நன்றி சொல்லுறதெண்டா இவவுக்குச் சொல்லும்.”

என்ன பண்பான மனிசன். ஜெயரூபன் குசினியை நோக்கிக் குரல் கொடுத்தார். “அக்கா, தேத்தண்ணிக்கு நன்றி.”

உள்ளே இரண்டாவது சட்டியும் வைக்கப்பட்டது.

எழும்பும்போது ஞாபகம் வந்து, அண்டைக்கு உப்புத்தண்ணி பட்டு அண்ணையின் கைமணிக்கூடு பழுதாகவில்லையா என்று விசாரித்தார்.

“எனக்கு மணிக்கூடே இல்லைத் தம்பி.”

பாதி வழியில்தான் ஜெயரூபனுக்குப் பொறி தட்டியது. அறையும்போது கன்னத்தில் பட்டது மணிக்கூடு. இப்போது மணிக்கூடு இல்லை. என்னைக் காப்பாற்றப் போய்க் கடலில் விழுத்திவிட்டார், அதை நாசூக்காகச் சொல்லுகிறார். மடத்துவெளியில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். மீனலோசனி அம்மா உருகிப்போனாள். “பாவம், அந்தாள் வாய்விட்டே கேட்டுட்டுது. உடனை வாங்கிக் குடு,” என்றாள்.

வாங்கிக்கொண்டு போனார். குருசுமுத்து மணிக்கூட்டைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றார். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது சும்மா, மூன்றாவதுக்குப் பிறகு வாங்குவார்கள் என்பது ஜெயரூபனின் கணக்கு. மூன்றாவதும் வந்ததும் மணிக்கூட்டை மேசையில் வைத்துவிட்டுத் திருப்தியாக இருந்தார்.

அன்றைக்குப் பாலில்லாத வெறும் பிளேன்ரீதான் வந்தது, அதுவும் சீனி இல்லாமல். இனி நான் வீட்டு ஆள், உபசாரம் தேவையில்லை என்று ஜெயரூபன் விளங்கிக்கொண்டார்.

வாசல்வரை வந்த குருசுமுத்து அவருடைய தோளைப் பிடித்தார். மனிசன் கொஞ்சம் மெலிந்தும் இருந்தார். “தம்பி, குறை நினையாதையும். நீர் நன்றி சொல்லத் துவங்கின நாளிலையிருந்து எனக்கு இந்த வீட்டிலை சொதிக்கு உப்பில்லை.”

ஐயோ, உப்பு வாங்கக்கூட வழியில்லாத குடும்பம். அடுத்த முறை ஜெயரூபன் வந்தபோது சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டைச் சாமான் இருந்தது. அரிசி, பருப்பு, செத்தல்மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே உப்புப் பக்கெற்றுகள்.

செபஸ்தியம்மா வந்து உப்பைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத் தேத்தண்ணியே வரவில்லை.

குருசுமுத்துவுக்கு இனிப் பொறுக்க ஏலாது. ஜெயரூபனின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு முகத்துக்கு நேரே சொன்னார். “தம்பி, வடிவாக் கேளும். அண்டைக்கு நான் ஊரிலையே இல்லை. மண்டைதீவிலை தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம். அங்கை நிண்டனான்.”

ஜெயரூபன் அவரைக் கூர்ந்து பார்த்தார். அன்றைக்கு ஒருவரும் கடலில் இறங்கக்கூடாது என்று அறிவித்தல் இருந்தது. நானோ அரசாங்க ஆள். மனிசன் பயப்படுகிறார். அவர் ஒரு கண்ணை மெதுவாகச் சிமிட்டினார்.

“விளங்குது அண்ணை. அண்டைக்கு நானும் ஊரிலை இல்லை.”

குருசுமுத்து தலையில் கை வைத்தார். குசினிப் பக்கம் திரும்பி, “நீயே சொல்லன்,” என்றார். கெஞ்சுகிற மாதிரித்தான் இருந்தது.

“கேட்டால் சொல்லுவன்,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஜெயரூபன் அந்தப் பதிலைத் தன் வாடகை அறைக்குக் கொண்டுபோய் நெடுநேரம் யோசித்தார். வீட்டுக்குள்ளே வந்து நன்றி சொன்னால் யாருக்குக் கேட்கும்? நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதுவும் நியாயம்தானே.

கடற்றொழிலாளர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் வந்தது. அதில் குருசுமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று தலைவர் றொஜனிடம் கேட்டார். றொஜன் தலையைச் சொறிந்தான்.

“குருசுமுத்தண்ணைக்கோ? ம்... சரி, வீட்டுக்காரருக்குச் செய்தால் வீட்டுக்குச் செய்த மாதிரித்தானே.”

இப்படிப் பேசத் தீவு ஆட்களிடம்தான் படிக்கவேண்டும் என்று ஜெயரூபன் மெச்சிக்கொண்டார்.

மீனலோசனி அம்மா குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மண்டபம் நிறைந்த சனம். மேடையில் குருசுமுத்து, பல்லுப் பிடுங்க வந்தவர் மாதிரி இருந்தார்.

ஜெயரூபன் ஒலிவாங்கியைப் பிடித்தார். காற்றைப் பற்றியும் வள்ளத்தைப் பற்றியும் கவனமாக ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பேச்சொன்று எழுதிப் பாடமாக்கி வந்திருந்தார். அம்மா முன்வரிசையில் இருப்பதைக் கண்டதும் அது அவ்வளவும் மறந்துபோயிற்று.

“என்ரை அம்மாவுக்கு நான் ஒரு பிள்ளை,” என்றார். “அண்டைக்கு நான் போயிருந்தால் அவவுக்கு ஒருத்தரும் இல்லை. கண் மூட மூட ஒரு கை என்னை அறைஞ்சுகொண்டே இருந்தது. அந்தக் கை ஆருடைய பிள்ளை எண்டு கேக்கேல்லை, என்ன சாதி, என்ன சமயம் எண்டு கேக்கேல்லை. இவனைச் சாகவிடமாட்டன் எண்டு மட்டும் நிண்டுது. நான் உயிரோடை இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கையாலைதான்.”

அவருடைய கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மீனலோசனி அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மண்டப ஓரத்தில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற செபஸ்தியம்மாவும் மூக்கை உறிஞ்சினாள்.

மணிக்கூடு இன்னும் பெட்டியோடு குருசுமுத்துவின் சட்டைப் பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருந்தார். ஜெயரூபன் அதை உருவி எடுத்து, அவருடைய கையைப் பிடித்துக் கட்டப் பார்த்தார். வலை இழுத்து இழுத்துத் தடித்த கை அது. வார் எட்டவில்லை. கடைசி ஓட்டைவரை இழுத்தும் எட்டவில்லை. முதல் வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்க, பின்வரிசைவரை சிரிப்புப் பரவியது. குருசுமுத்து மட்டும் சிரிக்கவில்லை. “அந்தோனியாரே, இவருக்கு ஆரும் சொல்லுங்கோவன்,” என்று முணுமுணுத்தார்.

செபஸ்தியம்மா தட்டத்தை மேடை விளிம்பில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்தாள். ஜெயரூபனின் ஈரக் கன்னத்தை ஒருமுறை பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இங்கை கட்டும், தம்பி. அண்டைக்கு உம்மட கன்னத்திலை பட்டது மணிக்கூடில்லை, இந்தக் காப்பு.”