மீட்போர் கழகத்தின் ஒரேயொரு குடிகாரர்

ஒரு மனிதனுக்குத் தீராத துன்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி உலகில் பல கருத்துகள் உண்டு. மொன்ட்ரியால் தமிழர்களிடம் ஒரே கருத்துத்தான் உண்டு: சங்கம் தொடங்க வேண்டும்.

அந்த வகையில், மதுப்பழக்கத்தாலும் மனக்காயத்தாலும் நம்மவர்கள் வருந்துவதைக் கண்டு உள்ளம் பதைத்த சிலர் ஒன்றுகூடி, நகரின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் ‘தன்னைத்தான் மீட்போர் கழகம்’ என்ற அமைப்பை நிறுவினோம். வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் குலேந்திரன் தலைவராகத் தெரிவானார். கோயிலில் பூசைக்கு வேதாகம வாசகம் வாசிக்கும் சவிரிமுத்து உபதலைவர். வீடு விற்றுக் கொடுக்கும் வலன்ரைன் பொருளாளர். கணேசலிங்கம் கணக்காய்வாளர். ஓய்வுபெற்ற தாதியான கனகமணி அக்காவிடம் மனக்காயப் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. செயலாளர் நான். எனக்கு ஏன் இந்தப் பதவி என்று கேட்டேன்.

“நீர்தான் எப்பவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியிறனீர். இந்த விசயத்துக்குப் பொருத்தம்,” என்றார் குலேந்திரன்.

யாப்பு எழுதி, முத்திரை செய்து, கடிதத்தாளும் அச்சடித்த பிறகுதான் ஒரு சிறு குறை தென்பட்டது. கழகத்தில் குடிப்பவர் எவரும் இல்லை.

எங்கள் சமூகத்தில் யாரும் குடிப்பதில்லை. இதை நான் பொறுப்புடன் சொல்கிறேன். கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் ஆண்கள் மண்டபத்துக்கு வெளியே போய், யாராவது ஒருவருடைய கார் டிக்கியைத் திறந்து, சுற்றி நின்று காகிதக் குவளையில் காற்று வாங்குவார்கள். மைனஸ் இருபதிலும் வாங்குவார்கள். அது வேறு.

குறையைப் போக்குவதற்காக, இப்படியான அமைப்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்று பார்த்து வரத் தலைவர் டவுன்டவுனில் வெள்ளைக்காரரின் கூட்டமொன்றுக்குப் போனார். திரும்பி வந்தவர் கவலையோடு இருந்தார்.

“மேடை இல்லை. தலைமை இல்லை. வரவேற்புரை இல்லை. ஒருத்தன் எழும்பித் தன்ரை பேரைச் சொல்லுறான், நான் குடிகாரன் எண்டுறான், அழுறான், இருக்கிறான். மற்றவை கேட்டுக்கொண்டிருக்கினம்.”

“பேந்து?”

“பேந்து கோப்பி.”

“இதிலை எப்பிடிச் சுகம் வரும்?” என்றார் சவிரிமுத்து.

“அதுதானே. நாங்கள் இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேணும்.”

ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, பாதிக்கப்பட்டோர் உரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் தயாரானது. பாதிக்கப்பட்டோர் மட்டும் வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அருமைராசா வந்தார். டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். கதவடியில் நின்றபடியே சொன்னார்: “நான் குடிக்கிறனான். நிப்பாட்ட வேணும்.”

குலேந்திரன் கதிரையை விட்டு எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தார். “உங்களைத்தான் இவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்தனாங்கள்,” என்றார். அருமைராசாவின் கண் கலங்கிவிட்டது. குடித்ததற்காக யாரும் அவரை இப்படி வரவேற்றதில்லை.

அவருடைய சங்கதி சின்னது. மனைவி காலமாகிவிட்டா. ஒரே மகள் ஜெசிக்கா, மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. கோடையில் ஞானஸ்நானம். மகள் தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள்: “அப்பா, நீங்கள் வந்தா பிள்ளையை உங்கடை கையிலைதான் தருவன். ஆனா குடி மணந்துதெண்டா வாசல்லையே திருப்பி அனுப்பிப் போடுவன். ஆக்களுக்கு முன்னாலை அனுப்புவன்.”

“அனுப்புவாளோ?” என்று கேட்டேன்.

“அவள் தாயைப் போல. அனுப்புவாள்.”

இவ்வாறாக எங்கள் பணி ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் விளக்கேற்றினோம். எல்லோரும் பேசினோம். அருமைராசாவின் முறை வரும்போது, நேரத்தின் அருமை கருதி அவரை இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொன்னோம்.

இந்த வகை அமைப்புகளில் பெயரை வெளியிடக் கூடாது என்பது உலக வழக்கமாம். அதை மதித்து, பத்திரிகைக்கு அனுப்பிய செய்திக் குறிப்பில் நான் அவருடைய பெயரை எழுதவில்லை. ‘டவுன்டவுன் உணவகமொன்றின் சமையலறையில் பணிபுரிபவரும், பாசையூரைப் பிறப்பிடமாகவும் மொன்ட்ரியாலை வதிவிடமாகவும் கொண்டவரும், அண்மையில் பேரப்பிள்ளை கிடைக்கப் பெற்றவருமான, பெயர் குறிப்பிட விரும்பாத அன்பர்’ என்று மட்டும் போட்டேன். அடுத்த நாள் தமிழ்க் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தொடக்கம் காசாளர்ப் பிள்ளை வரை எல்லோரும் அருமைராசாவிடம், “இப்ப எப்பிடி, சுகமோ?” என்று கேட்டார்களாம். அவர் குறைப்படவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் நித்திரை வரவில்லை. என்னுடைய நித்திரை பற்றி யாப்பில் ஏற்பாடு இல்லாததால் அதைக் கூட்டத்தில் எழுப்பவில்லை.

மனக்காயப் பிரிவு மட்டும் ஓகோவென்று நடந்தது. கனகமணி அக்கா, போரில் இழந்தவர்களும் குடும்பம் பிரிந்தவர்களும் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் பெட்டி பெட்டியாகக் கண் துடைக்கும் தாள் வாங்கி வைத்திருந்தா. வந்தவர்கள் வேறு வகை. மரண அறிவித்தலில் தன் பெயர் தம்பியின் பெயருக்குப் பின்னால் வந்ததால் காயப்பட்டவர். கல்யாண அழைப்பிதழ் கையில் தராமல் வாட்ஸ்அப்பில் வந்ததால் காயப்பட்டவர். இவர்களைவிட, எங்கள் கழகத்தின் நன்றியுரையில் பெயர் விடுபட்டதால் காயப்பட்டவர்கள் வாரா வாரம் புதிதாகச் சேர்ந்தார்கள்.

“மன்னிச்சு விடப் பழகுங்கோ. உங்களுக்குத்தான் பாரம் குறையும்,” என்றா கனகமணி அக்கா ஒருவரிடம்.

“மன்னிக்கிறன் அக்கா. முதல்லை மேடையிலை பேரைச் சொல்லச் சொல்லுங்கோ.”

அப்படிச் சொன்னால் இன்னொருவரின் பெயர் விடுபடும். அவர் அடுத்த வாரம் வருவார். சுகப்படுத்துகிற இடத்திலேயே காயமும் உற்பத்தியாவதால் வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல், அந்தப் பிரிவு சொந்தக் காலில் நின்றது. தலைவர் அதை ஆண்டறிக்கையில் பாராட்டினார்.

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அருமைராசா குடியை விட்டுவிட்டார்.

எப்படி விட்டார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தன் தலைமையுரைதான் காரணம் என்பது குலேந்திரனின் முடிவு. அதில் உண்மை இருக்கலாம். அவர் பேசி முடிக்கும்போது தெருமூலைத் தெப்பனர் கடையிலும் பியர் விற்கும் நேரம் தாண்டியிருக்கும். வேலை நாட்களில் மனம் இழுக்கும்போதெல்லாம் அருமைராசா தனக்குப் போன் எடுத்ததாகக் கனகமணி அக்கா சொன்னா. “என்ன சொல்லுவியள்?” என்று கேட்டேன். “நான் ஒண்டும் சொல்லுறேல்லை. அவர் கதைப்பார். நான் மரக்கறி வெட்டிக்கொண்டு கேப்பன்,” என்றா. ஒரு மனிதன் ஒரு பழக்கத்தை விடுகிற இடம் அவனுக்குள் எங்கேயோ இருக்கிறது. அங்கே செயலாளருக்கு அனுமதி இல்லை.

செய்தி கேட்டதும் செயற்குழு அவசரமாகக் கூடியது. குடிப்பவர் மட்டுமே உறுப்பினராக இருக்கலாம் என்று யாப்பு சொல்கிறது. அருமைராசா சுகமானால் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாவிட்டால் கழகம் இல்லை. கழகம் இல்லாவிட்டால் தலைவர் இல்லை. குலேந்திரனின் முகம் வெளிறிவிட்டது. அருமைராசாவைக் கூப்பிட்டோம்.

“ராசா, கொஞ்சம் ஆறுதலாப் பாரும்,” என்றார் குலேந்திரன்.

“அண்ணை, நிப்பாட்டச் சொன்னது நீங்கள்தானே?”

“நிப்பாட்டச் சொன்னனாங்கள். நிப்பாட்டி முடிக்கச் சொல்லேல்லை.”

“எல்லாத்துக்கும் ஒரு படிமுறை இருக்கு,” என்றார் வலன்ரைன்.

“மகளிட்டை படிமுறை எண்டு சொல்ல ஏலாது. அவள் மணந்து பாப்பாள்.”

அவரை விட்டுக் கொடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல், கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். முதலாம் ஆண்டு விழாவில் மாநகரசபை உறுப்பினர் அம்மையார் ஒருவரைப் பிரதம விருந்தினராக அழைத்து, குணமடைந்த அன்பருக்குப் பொன்னாடை போர்த்துவோம். அதைப் பார்த்துக் குடிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேருவார்கள். அம்மையாருக்கு வசதிப்பட்டது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு, அதே பின்னேரம், ஞானஸ்நானம்.

“ஞானஸ்நானத்தைத் தள்ளி வையும்,” என்றார் குலேந்திரன். “பிள்ளை எங்கையும் போகாது. கவுன்சிலர் போயிடுவா.”

அருமைராசா சிரித்தார். “நான் வரேல்லை அண்ணை. அந்த ஆடையை ஆருக்காவது போடுங்கோ.”

ஆருக்குப் போடுவது? விழா மலர் அச்சுக்குப் போய்விட்டது. அம்மையாரும் வருவதாக உறுதி சொல்லிவிட்டா. செயற்குழுவிலேயே ஒருவர் குணமடைந்த குடிகாரராக நிற்க வேண்டும். முதலில் எல்லோரும் மறுத்தார்கள். குலேந்திரனின் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். சவிரிமுத்து வாசகம் வாசிக்கிறவர். குடிகாரனிடம் யார் வீடு வாங்குவார்கள் என்று வலன்ரைன் கேட்டார்.

“அம்மையார் தன்ரை கையாலை போர்த்துவாவாம். அந்தப் படம் மாநகரசபை இணையத்தளத்திலை முன்பக்கத்திலை வருமாம்,” என்றேன்.

பிறகு குலேந்திரன் தொண்டையைச் செருமினார்.

“உண்மையைச் சொன்னா, நானும் ஒரு காலத்திலை கொஞ்சம்…”

“கொஞ்சம் குடிச்சவருக்குப் பொன்னாடையெண்டா, முழுசாக் குடிச்ச எனக்கு என்ன?” என்றார் வலன்ரைன்.

முடிவு எட்டப்படாமலே கூட்டம் கலைந்தது.

விழாவன்று விளக்கேற்றி முடிந்ததும் கனகமணி அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு மொன்ட்ரியால்-நோருக்குப் போய்விட்டா. நான் ஒலிவாங்கியில், “குணமடைந்த அன்பரை மேடைக்கு அழைக்கிறேன்,” என்றேன். நான்கு பேர் எழும்பி வந்தார்கள்.

“நான் விடிய எழும்பினதும் கோப்பிக்குப் பதிலா அதைத்தான் எடுக்கிறனான்,” என்று தொடங்கினார் வலன்ரைன்.

குலேந்திரன் ஒலிவாங்கியைப் பறித்தார். “என்ரை கதையைக் கேளுங்கோ. நான் வரிப் பத்திரம் நிரப்பேக்கை மேசைக்குக் கீழை போத்தல் இருக்கும். ஒரு வருசம் ஒரு கிழவிக்கு மூண்டு கைப்பிள்ளையள் எண்டு போட்டு விட்டனான்.”

“இதெல்லாம் ஒரு குடியோ?” என்றார் சவிரிமுத்து. “நான் கோயில்லை வாசகத்தைத் தலைகீழா வாசிச்சனான். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.”

கணேசலிங்கம் தனக்கு நேரம் தரவில்லை என்று அழுதார்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த மனைவிமார் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் கணவர் பேசும்போது மெதுவாகத் தலையை ஆட்டினார். ரசிக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அம்மையார் பிரெஞ்சில் என்னிடம், இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டா. மொழிபெயர்த்தேன். அவவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு சமூகத்தின் தலைவர்கள் அத்தனை பேரும் இவ்வளவு துணிச்சலாகப் பேசுவதைத் தான் எங்கும் கண்டதில்லை என்று சொல்லி, இருந்த ஒரே பொன்னாடையை நான்கு பேரின் தோள்களிலும் சேர்த்து நீட்டிப் போர்த்தினா. ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, “நீங்களும் வாருங்கள்,” என்றா. நானும் அந்த நுனிக்குள் புகுந்துகொண்டேன். படம் நன்றாக வந்தது.

ஞானஸ்நானத்தில் நடந்ததைக் கனகமணி அக்கா பிறகு சொன்னா. ஜெசிக்கா தேவாலய வாசலில் நின்றாளாம். தகப்பன் கிட்ட வந்ததும் ஒன்றும் பேசாமல் அவருடைய சட்டைக் கழுத்தடியில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாளாம். பிறகு அப்படியே நின்றாளாம். முகத்தை எடுக்கவில்லையாம். பின்னால் வந்தவர்கள் “பர்தோன், பர்தோன்” என்று மன்னிப்புக் கேட்டுச் சுற்றிப் போனார்களாம். பிள்ளையை வாங்கியவர் ஞானத்தாய்க்குக்கூடக் கொடுக்க மனமில்லாமல் நின்றாராம். தண்ணீர் ஊற்றியபோது பிள்ளை அழவில்லை, அவர்தான் அழுதாராம்.

அடுத்த சனிக்கிழமை அருமைராசா நன்றி சொல்லி விடைபெற வந்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு சிக்கல் இருந்தது. விழா அறிக்கையின்படி குணமடைந்தோர், செயற்குழுவினர் ஐவர். குணமடையாதவர், அருமைராசா.

குலேந்திரன் துள்ளி எழும்பினார். “அப்ப கழகத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார்.”

“எழுதியிருக்கிறதை மாத்த ஏலாதோ?” என்று கேட்டார் அருமைராசா.

“அம்மையார் சாட்சி,” என்றேன்.

“சரி, இருக்கட்டும். எனக்கும் சனிக்கிழமையிலை வாறதுக்கு ஒரு இடம் வேணும். ஆனா இண்டைக்கு ஒருத்தரும் உரை ஆற்றக் கூடாது. ஆராவது தங்களைப் பற்றிக் கதைக்க விருப்பமெண்டா கதையுங்கோ. நான் கேக்கிறன்.”

நாங்கள் இருந்தோம். தலைவர் அவர்களே என்று தொடங்காமல் ஒரு மனிதன் எப்படி வாய் திறப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே யாரோ ஓர்கன் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வலன்ரைன், தரையைப் பார்த்தபடி, “அண்டைக்கு மேடையிலை சொன்னது…” என்றார். பிறகு, “கோப்பிக்குப் பதிலா எண்டது. அது பொய்யில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. குலேந்திரன் பழக்க தோசத்தில் எழும்பினார்.

“இருந்துகொண்டே சொல்லுங்கோ, அண்ணை,” என்றார் அருமைராசா.

குலேந்திரன் இருந்தார். மேசைக்குக் கீழே போத்தல் இப்பவும் இருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த முறை சவிரிமுத்துவுடையது, அதற்கடுத்தது கணேசலிங்கத்துடையது, கடைசி முறை என்னுடையது. இவர்கள் வழக்கம்போல நீட்டினால் எனக்கு முன் மண்டபத்தைப் பூட்டும் நேரம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

கழகத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக, எல்லோரும் சுருக்கமாகப் பேசினார்கள்.