நான் விசாரித்த நாலு றெனோல்ட்மார்

பியர்பொன்ட்ஸ்,
மொன்றியல்.
21.10.2004, வியாழன்.

மடுமாதாவின் காவலில் வாழும் என் ஒரேயொரு தங்கச்சி கிறேசுக்கு,

கடல் கடந்தும் உன்னை மறவாத அண்ணன் எமிலியானுஸ் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சாள் ஜொய்சியும் மகள் ஷெரோனும் தேவ கிருபையால் தடிமன் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மச்சானும் மருமகள் செலீனும் அதேபோல, ஆனால் தடிமன் இல்லாமல், இருக்க மன்றாடுகிறோம்.

செலீனுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தை விசாரித்து, ஓமோ இல்லையோ என்று ஒரே வசனத்தில் எழுதச் சொல்லியிருந்தாய். நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்க முதல் பதில் போகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பக்கம் பார்க்கப் போய்விடுவார்கள், பிள்ளைக்கும் இருபத்தைந்து முடியப் போகிறது என்றும் எழுதியிருந்தாய். ஒரு வசனத்தில் எழுதுகிற ஆள் நானில்லை என்பது உனக்குத் தெரியும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் கார்ட் முடிகிற நேரத்திலும் நான் சுகம் விசாரித்துக்கொண்டுதான் இருப்பேன். அதனால் முழு விபரத்தையும் கடிதமாகவே எழுதுகிறேன், மச்சானுக்கும் வாசித்துக் காட்டு.

நீ அனுப்பின துண்டில் இருந்தது இவ்வளவும்தான்: றெனோல்ட் டினோஜன், மொன்றியல், வயது 27, உயரம் ஐந்தடி பத்து, கத்தோலிக்கர், நல்ல வேலை. வேறு ஆளென்றால் இந்த இடத்திலேயே தடுக்கி விழுந்திருப்பான். நான் இந்த நாட்டில் பதினேழு வருசம். அங்கே உங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. கனடாவில் நேர்மாறு, முன்னுக்கு நிற்பவர்தான் ஆள், பின்னுக்கு நிற்பவர் தகப்பன். இது கனடா மாப்பிள்ளை. ஆகவே கனடாச் சட்டப்படி மாப்பிள்ளை றெனோல்ட், தகப்பன் டினோஜன். படித்தவர்களுக்கே இது பிடிபடுகிறதில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நான் வேலை செய்கிற விவசாயப் பல்கலைக்கழகத்தில் (அங்கே அறுபத்திரண்டு கதவுகளின் திறப்பும் என் இடுப்பில்தான், நான் வராவிட்டால் பேராசிரியர்மார் வெளியே நின்று குளிரவேண்டியதுதான்) என் மேற்பார்வையாளர் இன்றைக்கும் என்னை எங்கள் ஐயாவின் பெயரால் "மிஸியூ நீக்கிலாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறார். நானும் மோட்சத்தில் இருக்கிற மனிசனுக்காக "ஓம்" சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஜொய்சிக்கு இந்தச் சட்டம் ஏறவில்லை. "இஞ்சேருங்கோ, டினோஜன் எண்டது இப்பத்தைப் பெடியளின்ரை பேரப்பா. றெனோல்ட் எண்டதுதான் எங்கடை காலத்து ஆக்களின்ரை பேர். ஒருக்கா டினோஜன் எண்டும் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள். "தகப்பனுக்கே நான் பொம்பிளை பாக்கிறன்?" என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

எங்கள் கோயிலின் பங்கு அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் நாலு றெனோல்ட்! நாலு பேருக்கும் ஒரே புனிதர்தான் பேர்ப் பாதுகாவலர், ஆனால் குணத்தில் நாலும் நாலு திசை.

முதல் நம்பரை அடித்தேன். மெல்லிய குரல் ஒன்று எடுத்தது.

"ஆர் கதைக்கிறது?"

"றெனோல்ட்."

கேட்டவுடனே பெயர் சொல்கிறது, மறைப்பு ஒளிப்பு இல்லாத பிள்ளை என்று குறித்துக்கொண்டேன். "தம்பி, பகலிலை எங்கை போறனீர்?"

"கார்டறி."

"காரோ? கார் செய்யிற இடமோ?"

"ஓம், காரும் இருக்கு, றெயினும் இருக்கு."

"அப்ப பெரிய இடம்தான். வேலை கடுமையோ?"

"மத்தியானம் எல்லாரையும் படுக்கவிடுவினம்."

மத்தியானம் படுக்கவிடுகிற கம்பனி! குரல் கொஞ்சம் மெல்லிசுதான், பொறியியல் படித்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, கேக் ஒன்றும் வாங்கிக்கொண்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு ஷெரோனையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த றெனோல்டுக்கு வயது நாலு. ஒரு காலில்தான் காலுறை. ஷெரோன் வாசற்படியிலேயே இருந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "அப்பா, கார்டறி எண்டால் சின்னப்பிள்ளையளை விட்டிட்டுப் போற இடம். நானும் போனனான்தானே!" எனக்கு முதலே சந்தேகம் இருந்தது, பிள்ளையின் பிரெஞ்சைச் சோதித்துப் பார்த்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். கேக்கைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை, றெனோல்ட் அதற்குள் கையை விட்டுவிட்டார்.

இரண்டாவது றெனோல்ட் என் வேலையிடத்துக்குப் பக்கத்துத் தெரு. பட்டியலில் உண்மையில் றெனால்ட் என்றுதான் இருந்தது, ஆனால் தமிழில் எழுதினால் 'னோ'வுக்கும் 'னா'வுக்கும் இடையில் ஒரு கொம்புதானே வித்தியாசம், கொம்பு விடுபட்டிருக்கும் என்று போனேன். கதவைத் திறந்தது எழுபது வயது வெள்ளைக்காரர். எங்கள் கோயிலில் காலைப் பிரெஞ்சுப் பூசைக்கு வருகிறவராம், அதனால்தான் பட்டியலில் இருந்திருக்கிறார். வந்த மரியாதைக்கு இருந்து முக்கால் மணித்தியாலம் பிரெஞ்சில் கதைத்தோம். அவர் கதைத்தார், நான் இடைக்கிடை "வீ, வீ" என்று ஆமோதித்தேன். சில "வீ"களை நான் சொல்கிற அழகைப் பார்த்து மனிசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எழும்பி உள்ளே போய்ப் பெரிய சாம்பல் பூனை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, அதன் சாப்பாட்டுக் கோப்பையையும் கையில் தந்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சி என்னை வழியனுப்பிவைத்தார். மனிசன் முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம், பூனையைப் பாரமெடுக்க ஆள் தேடிக்கொண்டு இருந்தாராம். இதையெல்லாம் ஷெரோன் பிறகு போன் எடுத்து விசாரித்துச் சொன்னாள். "மாப்பிள்ளை பாக்கப் போனவர் பூனையோடை வாறார்" என்று ஜொய்சி கோயில் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆனால் இப்போது பூனை படுக்கிறது அவளின் கட்டிலில்.

மூன்றாவது றெனோல்ட் இங்கே பியர்பொன்ட்ஸிலேயே, சொந்த வீடு, இரண்டு கார். உனக்குத் தெரியும், சம்பந்தம் விசாரிக்கப் போனால் வந்த விசயத்தைச் சொல்லக்கூடாது, சுற்றிவளைத்துத்தான் பிடுங்க வேண்டும். அதில் என்னை வெல்ல ஆளில்லை. கதவைத் திறந்த அம்மாவிடம், "தங்கச்சி, றெனோல்ட் நிக்கிறாரோ? ஆள் தண்ணி வெண்ணி பாவிக்கிறவரோ? சிகரெட்? நெஞ்சு வருத்தம் ஏதும்?" என்று நைசாகக் கேட்டேன்.

அந்த அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தா. "இஞ்சேருங்கோ, வெளியிலை வராதேங்கோ! இன்சூரன்ஸ்காரர் வந்திருக்கினம்!"

உள்ளே நிலவறைக்கு யாரோ இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. நான் இன்சூரன்ஸ் இல்லை என்று சொல்ல, "எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறவை" என்று கதவைச் சாத்திவிட்டா. சுவரில் தொங்கின கலியாணப் படத்தையும் மூன்று பிள்ளைகளின் படத்தையும் அந்த இடைவெளிக்குள் நான் கண்டுவிட்டேன். கண்ட கண்ணுக்கு உன்னிடம் இருந்து பாராட்டை எதிர்பார்க்கிறேன்.

இனித்தான் நம்முடைய றெனோல்ட். டவுன்டவுனில் பெரிய உணவகம் ஒன்றில் சமையல். பியர்பொன்ட்ஸில் றெயின் எடுத்து, பிறகு பச்சை மெட்ரோவில் மாறி, பின்பக்கக் கதவால் போனேன். மத்தியானக் கூட்டம் முடிந்து, பானை ஒன்றைத் துழாவிக்கொண்டு நின்றார். பேசாலைப் பக்கத்து ஆள். வயது நாற்பத்துமூன்று. நீ இருபத்தேழு என்று எழுதியிருக்கிறாய். புரோக்கர்மார் இப்படிக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது வழமைதானே. ஐந்தடி பத்து என்றது சமையல்காரத் தொப்பியோடு சேர்த்தால் சரியாக வரும். தகப்பன் பெயர் கிறிஸ்தோப்பர் என்றார். துண்டில் டினோஜன் என்று இருக்கிறது. வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயராக இருக்கும் என்று நானே தீர்த்துவிட்டேன். நான் தண்ணி வெண்ணி என்று தொடங்க முதலே அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணை, இன்சூரன்ஸ் எண்டால் என்னட்டை ரெண்டு இருக்கு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. முதல் தரமாக வந்த விசயத்தை நேரே சொன்னேன். "இன்சூரன்ஸ் இல்லையடாப்பா, நான் சம்பந்தம் பேச வந்தனான்."

"ஆருக்கு?"

"உமக்கு. மன்னாரிலை என்ரை தங்கச்சியின்ரை மகள், செலீன். நல்ல பிள்ளை."

அடுப்பைக் குறைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "எனக்கோ?"

"உமக்குத்தான்."

"நல்லாக் கேட்டுப் பாருங்கோ அண்ணை. வேறை ஆரும் றெனோல்டாயிருக்கும்."

"மற்ற மூண்டு றெனோல்ட்மாரையும் பாத்திட்டுத்தான் வாறன்."

தொப்பியைத் திரும்பத் தலையில் போட்டார். பிறகு, "மூண்டு தங்கச்சிமாரையும் கரை சேத்தனான் அண்ணை. கடைசித் தங்கச்சியின்ரை கலியாணத்தோடை என்னைக் கேக்கிறதை எல்லாரும் விட்டிட்டினம்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி வெங்காயம் வெட்டத் தொடங்கினார். அந்த வேளைக்கு வெங்காயம் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. தங்கச்சி, கவர்னரின் மேசையில் சாப்பாடு சமைத்துப் போட்ட மனிசன் (இது என் ஊகம், ஆனால் சமைத்திருக்கக்கூடியவர்தான்), கோயிலில் பாடினால் கண்ணாடி யன்னல் அதிரும், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. அந்த இடத்திலேயே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே நீ கேட்ட ஒரு வசனம் இதுதான்: ஓம். மாப்பிள்ளை வீட்டாரிடம் தயங்காமல் சொல்லு, மொன்றியலில் எமிலியானுஸ் நேரில் கண்டு தீர்த்தது என்று.

செலீனுக்கு இந்த மாமன், மாமியின் நெற்றிச் சிலுவை. மச்சானின் முழங்காலுக்கும் உன் கண்ணுக்கும் சுகம் கிடைக்கத் கோயிலில் திருமணி ஆராதனை நேரத்தில் ஜொய்சி சொல்கிற செபமாலையில் ஒரு பத்து உங்களுடையது. எல்லாரையும் ஆண்டவர் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அண்ணன்,
நீ. எமிலியானுஸ்.

பி.கு. (25.10.2004, திங்கள்)

கடித உறையை ஒட்டின பிறகு திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்றுப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றேன். நெடுவலான பெடியன் ஒருவன் கிட்ட வந்து, "மாமா, நான் டினோஜன்" என்றான்.

"எந்த டினோஜன்?"

"செலீன் உங்களைக் கண்டு கதைக்கச் சொன்னவ."

"தம்பி, உம்மடை அப்பான்ரை பேர்?"

"றெனோல்ட்."

ஜொய்சி பக்கத்தில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்படி ஒன்றும் சொல்லாமல் நின்றது பதினேழு வருசத்தில் இதுதான் முதல் தடவை, அதைத் தாங்குவது லேசில்லை. பெடியன் போன வருசம் ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு வந்தவனாம், கோயிலுக்கு ஆட்களை ஏற்றின வானுக்குள் செலீனைக் கண்டவனாம், அன்றையில் இருந்து கிழமைக்கு இரண்டு போன் கார்ட் முடிகிறதாம். "பிறகேன் தம்பி என்னை விசாரிக்கச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "பெரியாக்கள் விசாரிச்சு முடிச்ச மாதிரி இருந்தால் உங்களுக்கும் சந்தோசமாயிருக்கும் எண்டு செலீன்தான் சொன்னவ, மாமா" என்றான். ஐந்தடி பத்து சரியாக இருக்கிறான், தொப்பி இல்லாமலே. எனவே மேலே எழுதின எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ஓம் என்ற ஒரு சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொள்.

ஆனால் தங்கச்சி, இன்றைக்கு வேலைக்குப் போகாமல், விசயத்தைச் சொல்லிவிட்டு வருவோம் என்று டவுன்டவுனுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் வசனத்தைச் சரிப்படுத்திக்கொண்டு போனேன். றெனோல்ட் என்னைக் கண்டதும் ஸ்ரூல் இழுத்துப் போட்டு, எனக்கென்று றோல்ஸ் பொரித்து வைத்தார். கோட் தைக்கக் கொடுத்துவிட்டாராம். நீலம் நல்லதோ கறுப்பு நல்லதோ என்று கேட்டார். பிறகு மெதுவாக, "அண்ணை, அவவுக்கு உறைப்புப் பிடிக்குமோ? நான் இஞ்சை குறைச்சுப் போட்டுப் பழகிப்போனன். இப்பவே கூட்டிப் போட்டுப் பாக்கிறன்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. எனக்கு, எமிலியானுசுக்கு, வாய் வரவில்லை. "ஓம், நல்லாப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, றோல்ஸையும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகையால் கடிதம் கிடைத்த கையோடு எழும்பி நட. மன்னாரில், பேசாலையில், வங்காலையில், எங்கேயாவது ஒரு நல்ல மனிசி இருக்கத்தானே வேண்டும். வயது நாற்பதுக்குக் கிட்ட இருந்தாலும் பறவாயில்லை, கடந்திருந்தாலும் பறவாயில்லை. உறைப்புச் சாப்பிடுகிறவவாக மட்டும் இருக்கட்டும். பெயர் என்னவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.