அம்மா காயவைத்த கான்கிரீட்

ஒரே கான்கிரீட் கலவையை இரண்டு லேபுக்கு அனுப்புவது, ஒரே கல்யாணத்துக்குப் போய்வந்த இரண்டு அத்தைகளிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பது போல. பதில் ஒத்துப்போகாது.

ஒத்துப்போக வைக்கும் வேலையைத்தான் எங்கள் கம்பெனி எனக்குத் தந்திருந்தது. கலவையில் வார்த்த கனசதுரக் கட்டிகளை, அதாவது க்யூப்களை, கடலூர் லேபும் சிதம்பரம் லேபும் நசுக்கிப் பார்த்து, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று ஆளுக்கொரு எண் சொல்லின. எண் ஒன்றானால் என் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால், மேனேஜர் வாக்கில், "பாக்கலாம்மா." (இதன் அர்த்தம் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.)

பட்டியல் போட்டேன். அச்சு, குத்தும் கம்பி, இயந்திரம் அழுத்தும் வேகம், எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே. நசுக்கும்வரை க்யூப் தண்ணீரிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இரட்டை அடிக்கோடு. மூன்று க்யூப்களைக் கடலூர் லேபில் விட்டேன். திங்கள் காலை சிதம்பரம் போகவேண்டிய மூன்றைச் சனிக்கிழமையே வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி ஊறவைக்கும் டப்பில் மூழ்கடித்தேன். "ஈரச் சாக்குல சுத்தித்தாம்மா எடுத்துட்டுப் போவணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு முழுக்க வடலூரில் தோழியின் கல்யாணத்தில் இருந்தேன். திங்கள் காலை, அம்மாவே ஈரச் சாக்கில் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

சிதம்பரத்து எண் கடலூரைவிட எக்கச்சக்கமாக எகிறியது.

நான் கலங்கவில்லை. மேனேஜரோடு கடலூர் லேபுக்குப் போய், பொறுப்பாளர் பெலிக்ஸ் சாரிடம், அவருடைய இயந்திரம் ஏன் தப்பு என்பதற்கான காரணங்களை எண் போட்டு வாசித்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"சிதம்பரம் போன க்யூப் ஞாயித்துக்கெழம எங்க இருந்துச்சும்மா?"

"எங்க வீட்ல சார். தண்ணியில. வேணும்னா எங்க அம்மாவையே கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். (யாரும் கேட்கவில்லை. நானாகவேதான்.)

"தண்ணியிலயா? நீ பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்ட. ஊறிக் கரைஞ்சிடப் போவுதுன்னு நானும் அப்பாவும் மொட்டமாடிக்குத் தூக்கினு போயி வெயில்ல வெச்சோம். சாயந்தரம் வரைக்கும் வடாம் மாதிரி திருப்பித் திருப்பி வெச்சேன்டி. காலைல நீ சொன்னாப்புல ஈரச் சாக்குல சுத்தனேன். ஏன், பாஸாயிடுச்சா?"

காய்ந்த க்யூப், ஈர க்யூபைவிட அதிகம் தாங்கும். இது எனக்கும் தெரியும். பட்டியலில் அம்மாதான் இல்லை.

"பாஸுதாம்மா," என்றார் பெலிக்ஸ் சார் போனைப் பார்த்து. "கொஞ்சம் ஜாஸ்தியாவே."

மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை, க்யூப்களைத் தண்ணீர் டிரம்மில் போட்டு வேனில் ஏற்றி, டிரம்மைக் கட்டிப்பிடித்தபடியே சிதம்பரம் போனேன். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையும் என்னைக் குளிப்பாட்டியது. எண்கள் ஒத்துப்போயின. வேலையும் நிரந்தரமானது.

அன்று சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து அப்பா அம்மாவிடம் சொன்னதை, நான் மழையில் நனைந்து வந்தாலும், ஆபீஸில் திட்டு வாங்கி முகம் தொங்கி வந்தாலும், இன்றுவரை வீட்டில் யாராவது சொல்லிவிடுகிறார்கள்:

"மாடியில கொண்டுபோயி வெய்யி. காஞ்சா ஸ்ட்ராங்காயிடுவா."